பிள்ளைகளோடு உங்கள் தெருவை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி?

குடிமக்களின் கடமைகளை என் ஒன்பது வயது மகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். தெருமுனை அடிபம்பில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டால் முழிப்பாள். அதற்காகத்தான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பக்கம் வந்தோம். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய உலக வரைபடம் இது. விக்கிப்பீடியா மாதிரி யாரும் திருத்தலாம். 2015 வெள்ளத்தின்போது சென்னையில் தண்ணீர் நின்ற சாலைகளை மக்களே குறித்த வரைபடமும் இதை வைத்துத்தான் உருவானது.

1. முதலில் நடை. கணினியைத் திறக்காதீர்கள். நோட்டும் பென்சிலுமாகத் தெருவைச் சுற்றி வாருங்கள். பஸ் ஸ்டாப், குடிநீர்க் குழாய், தபால் பெட்டி, சாய்தளம் உள்ள வாசல் என்று கண்ணில் பட்டதைப் பிள்ளையே எழுதட்டும்.

மகள் "பஸ் ஸ்டாப்" என்று மட்டும் எழுதியிருந்தாள். நிழற்குடை உண்டா, உட்கார இடம் உண்டா என்று கேட்டதும் திரும்ப ஓடினாள். நிழற்குடை இருந்தது. பெஞ்சு ஒரு கால் உடைந்து சுவரில் சாய்ந்து கிடந்தது. அப்படியென்றால் பெஞ்சு உண்டு என்று போடுவதா, இல்லை என்றா? வீடு வரும்வரை வாதம். "உட்கார முடியலைன்னா அது பெஞ்சே இல்லப்பா" என்று முடித்துவிட்டாள்.

2. கணக்கு. உங்கள் மின்னஞ்சலில் தொடங்குங்கள். பயனர் பெயரில் பிள்ளையின் பெயர் வேண்டாம். யார் எங்கே திருத்தினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், சொந்த வீட்டு வாசலைச் சுற்றியே குறிக்காமல் கொஞ்சம் தள்ளிப் போங்கள்.

3. குறிப்பது. தளத்திலேயே ஒரு பயிற்சி இருக்கிறது, அதை முடித்துவிடுங்கள். அப்புறம் செயற்கைக்கோள் படத்தில் சரியான இடத்தில் புள்ளி வைத்து, வகையைத் தேர்ந்தெடுத்து, நோட்டில் உள்ளதை நிரப்புங்கள். பெயரைத் தமிழிலும் சேர்க்கலாம், பலகையில் உள்ளபடியே. கூகுள் மேப்ஸைப் பார்த்து எழுதக் கூடாது, அது காப்புரிமை மீறல். நேரில் பார்த்தது போதும். யார் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் வரைபடத்துக்கு வேண்டாம்.

4. சேமிப்பது. என்ன மாற்றினோம் என்று ஒரு வரி கேட்கும். அதைப் பிள்ளையே எழுதட்டும். "பஸ் ஸ்டாப்பை நேரில் பார்த்தோம், நிழற்குடை உண்டு, பெஞ்சு இல்லை" என்று எழுதினாள். வேறு யாராவது பிறகு திருத்தினால் கோபப்படாமல், ஏன் என்று அங்கேயே கேட்கலாம்.

ஆண்ட்ராய்டு போன் இருந்தால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி இன்னும் சுலபம். நடக்க நடக்க, இந்தத் தெருவில் விளக்கு உண்டா என்பது மாதிரி அதுவே கேட்கும்.

உடைந்த பெஞ்சைப் பற்றிப் புகார் கொடுத்திருக்கிறோம். மகள் நோட்டில் தேதி போட்டு வைத்திருக்கிறாள். சனிக்கிழமைதோறும் போய்ப் பார்க்கிறோம், இன்னும் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது.