ஆம்பளைங்களும் பாத்துக்கற வேலையும்: நல்லவங்களே பண்ற தப்புகள்

குழந்தை, வயசானவங்க, நோயாளி இவங்களைப் பாத்துக்கறதுல ஆம்பளைங்களுக்கு என்ன பங்குன்னு பேச ஆரம்பிச்சா பேச்சு ரெண்டு இடத்துல போய் முட்டிக்கும். ஒருத்தர் "எங்க வீட்டுல நான்தான் எல்லாம் செய்றேன், என்னைய ஏன் சொல்றீங்க"ம்பார், இன்னொருத்தர் "சம்பாதிச்சுப் போடறது கணக்குல வராதா"ம்பார். முதல் ஆள் நெஜமாவே செய்றவரா இருக்கலாம், சந்தோஷம், ஆனா ஒரு வீட்டுல ஒரு நல்ல மனுஷன் இருக்கறதால உலகக் கணக்கு மாறிடாது.

ரெண்டாவது ஆளுக்கு அந்தக் கணக்கையே எடுத்துப் போட்டுடலாம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018ல போட்ட அறிக்கைப்படி, உலகம் முழுக்க சம்பளம் இல்லாம நடக்குற பராமரிப்பு வேலையில 76.2 சதவீதம் பொம்பளைங்க தலையில, சராசரியா ஒரு நாளைக்கு 4 மணி 25 நிமிஷம், ஆம்பளைங்க 1 மணி 23 நிமிஷம். சரி, சம்பள வேலையையும் சேர்த்துக் கூட்டுங்கன்னா, அதையும் கூட்டியிருக்காங்க: பொம்பளைங்க 7 மணி 28 நிமிஷம், ஆம்பளைங்க 6 மணி 44 நிமிஷம். அதாவது சம்பாதிக்கிறதைக் கணக்குல சேர்த்தாலும் தட்டு சமமாகல. வீட்டு வேலைல தினமும் போற அந்த மூணு மணி நேர வித்தியாசத்துலதான் படிப்பு, நல்ல வேலை, பிரமோஷன், பென்ஷன், தூக்கம் எல்லாம் கரையுது. 2024ல அதே அமைப்பு சொன்னது, பராமரிப்புப் பொறுப்பு இருக்கறதாலயே வேலைச் சந்தைக்கு வெளிய நிக்கிற பொம்பளைங்க 70.8 கோடி, ஆம்பளைங்க 4 கோடி. இவ்ளோ பெரிய இடைவெளியை "அவங்கவங்க குடும்ப விஷயம்"னு சொல்லிட்டு நகர்றதுதான் என்னைக் கேட்டா முதல் தப்பு, மத்த தப்பெல்லாம் அதுல இருந்துதான் கிளம்புது.

அடுத்தது, வேலையை மட்டும் எண்ணிட்டு பொறுப்பை எண்ணாம விடறது. "என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சுடறேன்" இது ரொம்ப நல்ல மனசோட வர்ற வார்த்தைதான், ஆனா படுத்த படுக்கையா இருக்குற அப்பாவைப் பாத்துக்கற வீட்டை கொஞ்சம் கிட்டப் போய் பாருங்க. மாத்திரையை எடுத்து வாயில போட்டு தண்ணி குடுக்கறது ரெண்டு நிமிஷம். தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல, இன்னொண்ணு சாப்பிட்டப்புறம், போன வாரம் டாக்டர் டோஸைக் குறைச்சார் அதனால பழைய அட்டையை தனியா எடுத்து வைக்கணும், பிரஷர் மாத்திரை இன்னும் மூணுதான் இருக்கு, நாளைக்கு லீவு நாள் கடை தொறக்குமோ என்னமோ, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கலேன்னா இடுப்புல படுக்கைப்புண் வந்துடும், நேத்தே தோல் லேசா செவந்திருந்துச்சே, இதையெல்லாம் தலைக்குள்ள ஓட்டிக்கிட்டே இருக்கறது இருக்கே, அதுக்கு நேரக் கணக்கே கிடையாது. அந்த ரெண்டு நிமிஷத்தை மட்டும் மகன் எடுத்துக்கிட்டு மிச்சத்தை மருமக சுமக்கறப்போ, கேட்டா ரெண்டு பேரும் பாத்துக்கறாங்கன்னுதான் பதில் வரும்.

இதுக்கு வழி, துண்டு துண்டா வேலை வாங்காம ஒரு விஷயத்தை முழுசா எடுத்துக்கறது. அப்பாவோட மருந்துன்னா டாக்டர் கிட்ட போறதுல இருந்து, ஸ்டாக் பாக்கறது, பக்க விளைவு வந்தா கவனிச்சு போன் பண்றது வரைக்கும் உங்களோடது. குழந்தையோட ஸ்கூல்னா ஸ்கூல்ல குடுத்திருக்குற நம்பரும் உங்க நம்பரா இருக்கட்டும், காய்ச்சல்னு போன் வந்தா வேலையைப் போட்டுட்டு ஓடற ஆளும் நீங்களா இருங்க. முதல் ரெண்டு மாசம் சொதப்பும், சொதப்பட்டும், பக்கத்துல நின்னு யாரும் திருத்திக்கிட்டே இருக்க வேண்டாம்.

"அவங்களுக்கு அது இயற்கையாவே வரும்"னு ஒரு சமாதானம் இருக்கு பாருங்க, அது ரொம்ப வசதியானது. பிலிப்பைன்ஸ்ல 600க்கும் மேல ஆம்பளைங்களைச் சில வருஷம் கவனிச்சு 2011ல ஒரு ஆய்வு வந்துச்சு. அப்பா ஆனதும் டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் குறையுது, அதுலயும் தினமும் மூணு மணி நேரமோ அதுக்கு மேலயோ குழந்தையைப் பாத்துக்கற அப்பாக்களுக்கு இன்னும் குறைவா இருந்துச்சு. (பதற வேண்டாம், ஆம்பளத்தனம் எங்கயும் போயிடாது.) ஆம்பள உடம்பும் பாத்துக்கற வேலைக்கு இசைஞ்சு குடுக்குதுங்கறதுதான் விஷயம். முதல் வாரத்துல அழற குழந்தையை எப்படிப் பிடிக்கறதுன்னு அம்மாவுக்கும் தெரியாது. லீவு அவங்களுக்கு மட்டும் இருந்துச்சு, அதனால அவங்க கத்துக்கிட்டாங்க, அவ்ளோதான்.

இந்தப் பயிற்சி பிள்ளைங்க வயசுலயே தொடங்கிடுது. 5ல இருந்து 14 வயசுக்குள்ள இருக்குற பொண்ணுங்க அதே வயசுப் பையன்களை விட 40 சதவீதம் அதிக நேரம் வீட்டு வேலைல போடறாங்கன்னு ஐ.நா.வோட குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் 2016ல சொல்லிச்சு. தம்பியைப் பாத்துக்கோன்னு அக்காகிட்ட சொல்ற வீடு, தங்கச்சியைப் பாத்துக்கோன்னு அண்ணன்கிட்ட சொல்றப்போ பெரும்பாலும் காவல் காக்கத்தான் சொல்லுது. பீ துணி மாத்தற வேலை அவன் பக்கம் வர்றதே இல்ல.

இன்னொரு தப்பு, கொஞ்சம் வசதி வந்த வீடுகள்ல நடக்கறது. சண்டை முத்தினதும் ஒரு ஆள் வச்சுக்கலாம்னு முடிவு எடுப்பாங்க, வர்றது அவங்களை விட ஏழையான இன்னொரு பொம்பளை. ஆள் வைக்கறது தப்பே கிடையாது, ஆனா அந்த வீட்டு ஆம்பளையோட நேரத்துல ஒரு நிமிஷமும் மாறாம பாரம் மட்டும் கை மாறிடுச்சுன்னா அதுல சமத்துவம் எங்க இருக்கு? உலகத்துல 7.56 கோடி வீட்டுப் பணியாளர்கள்னு 2021 கணக்கு, முக்கால்வாசிப் பேர் பொம்பளைங்க, பத்துல எட்டுப் பேருக்கு சமூகப் பாதுகாப்பு மாதிரி எதுவுமே இல்லாத முறைசாரா வேலை. வாரத்துல ஒரு நாள் முழு ஓய்வு, மத்த தொழிலாளர்களுக்கு இருக்குற மாதிரி சம்பள உரிமைன்னு வீட்டுப் பணியாளர்களுக்காகப் பேசற, அதே சர்வதேச தொழிலாளர் அமைப்போட ஒப்பந்தம் 189 வந்தது 2011ல, ஏத்துக்காத நாடுகள்தான் இன்னும் அதிகம். நம்ம குழந்தையைப் பாத்துக்க வர்றவங்களோட குழந்தையை யார் பாத்துக்கறாங்கன்னு கேட்டுப் பாருங்க, பாட்டியோ மூத்த பொண்ணோதான் பதிலா வரும்.

ஆம்பளைங்க மனசு மாறினா எல்லாம் மாறிடும்னு உட்கார்ந்திருக்கறதும் தப்புதான். அம்மா அப்பா யாரு வேணா எடுத்துக்கலாம்னு சம்பளத்தோட லீவு குடுத்த முதல் நாடு ஸ்வீடன், 1974ல. சட்டம் நல்ல சட்டம், ஆனா யாரு வேணா எடுக்கலாம்னு விட்டா கடைசில எடுத்தது அம்மாதான். நார்வே 1993ல வேற மாதிரி பண்ணாங்க, நாலு வாரம் அப்பாவுக்கு மட்டும், அவர் எடுக்கலேன்னா அந்த வாரங்கள் போச்சு, அம்மா பேருக்கு மாத்த முடியாது. அதுவரைக்கும் நூத்துக்கு 3 அப்பாக்கள் எடுத்துக்கிட்டிருந்த லீவை உடனே 35 பேர் எடுத்தாங்க. ஒரே ராத்திரில அந்த ஊர் ஆம்பளைங்க எல்லாம் திருந்திட்டாங்களா என்ன, ரூல் மாறுச்சு. அதை வச்சு அப்புறம் நடந்த ஆய்வுல தெரிஞ்சது இன்னும் சுவாரசியம், கூட வேலை செய்ற ஒருத்தரோ அண்ணன் தம்பியோ லீவு எடுத்திருந்தா மத்தவங்களும் எடுக்கறது கணிசமா கூடுது, அதுவே லீவு எடுத்தவர் மேலதிகாரின்னா விளைவு ரெண்டரை மடங்குக்கும் மேல. எதிர்ப்பக்கம் ஜப்பானைப் பாருங்க, அப்பாவுக்கு ஒரு வருஷம் வரைக்கும் லீவு எடுக்க சட்டத்துல இடம் இருந்தும் 2019ல நூத்துக்கு 8 பேர் கூட எடுக்கல. சட்டப் புத்தகத்துல லீவு இருந்துச்சு, ஆபீஸ்ல எடுக்கற தைரியம் இல்ல. அதனால டீம் லீடரா இருக்குறவங்க லீவு போட்டுட்டு "போன்ல இருக்கேன், மெயில் பாப்பேன்"னு சொல்லாம இருந்தாலே கீழ இருக்குறவங்களுக்கு வழி கிடைக்கும்.

இது எல்லாமே சம்பள ரசீது வாங்கறவங்க கதை. டெலிவரி ஓட்டறவர், தினக்கூலி, ஒப்பந்தத் தொழிலாளி இவங்களுக்கு ஒரு நாள் நின்னா அன்னிக்கு வருமானம் இல்ல. மனைவிக்கு பிரசவம், அம்மாவுக்கு ஆபரேஷன்னு வந்தா கூட நிக்க ஆசை இருந்தும் முடியாது, அப்புறம் அவரைத்தான் பொறுப்பில்லாத ஆம்பளைன்னு சொல்லுவோம். நல்ல அப்பாவா இருக்கறது வசதியுள்ளவங்களுக்கு மட்டும் கிடைக்குற சலுகையா இருந்தா, அந்த வீட்டுல மிச்ச வேலையெல்லாம் போய் விழறது மறுபடியும் அதே மனைவி மேல, அதே மூத்த பொண்ணு மேலதான். கூலி உயர்வு, போனஸ்னு கோரிக்கைப் பட்டியல் போடற சங்கங்கள் சம்பளத்தோட பராமரிப்பு லீவையும், நிரந்தர வேலை இல்லாதவங்களுக்கும் சேர்த்து, மேல் வரிசைல எழுதணும். இப்ப அந்த வரி பெரும்பாலும் கடைசி பக்கத்துல "பெண்கள் பிரச்சினைகள்"ங்கற தலைப்புக்குக் கீழதான் கிடக்குது.