செமஸ்டரில் ஏ பிளஸ் வாங்க எவ்வளவு எழுத வேண்டும்?

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்டம், தேர்வு விதிகளின் தொகுப்பு) படிக்கிறவர்களுக்கான கணக்கு இது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் உங்கள் ரெகுலேஷனைப் பார்த்து எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தியரி பாடத்துக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் மார்க்) 40, செமஸ்டர் தேர்வு 60. பேப்பரை 100க்கு எழுதினாலும் 60க்குச் சுருக்கித்தான் கூட்டுவார்கள். இதை மறந்துவிட்டு, "இன்டர்னல் 31 இருக்கு, 50 எடுத்தா 81 வந்துடும்" என்று இருக்கிறவர்கள்தான் ரிசல்ட் அன்றைக்கு முழிப்பது.

வேண்டிய மொத்தத்தில் இன்டர்னலைக் கழித்து, மீதியை 60ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். தசமம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஏ பிளஸ் 81இல் தொடங்குகிறது. இன்டர்னல் 31 என்றால் இன்னும் 50 வேண்டும், கணக்குப் போட்டால் 83.33, அதாவது பேப்பரில் 84. இரண்டு மார்க் 10, பதிமூன்று மார்க் 5, பதினைந்து மார்க் 1 என்று வருகிற தாளில் ஒரு பதிமூன்றையும் ஒரு டூ மார்க்கையும் விட்டாலே 15 போய்விடும், மற்றதிலெல்லாம் சேர்த்து ஒரு மார்க்தான் குறையலாம். எல்லாவற்றுக்கும் மேலான ஓ கிரேடுக்கு 91 வேண்டும் என்பதால் அதே 31க்கு நூற்றுக்கு நூறு எடுக்க வேண்டும்; இன்டர்னல் 30 என்றால் ஓ ஆசையை விட்டுவிடலாம்.

பாஸுக்கு மொத்தம் 50 போதாது, பேப்பரில் தனியாக 45 வேண்டும். இன்டர்னல் 23க்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு இந்த 45தான் எல்லை, 38 இருந்தாலும் சரி. 23க்குக் கீழே போனால் எல்லை ஏறும்: 20க்கு 50, 10க்கு 67.

எல்லாப் பாடத்துக்கும் போட்டு வைத்துக்கொண்டு, அப்புறம் கிரெடிட்டை, அதாவது சராசரியில் அந்தப் பாடத்துக்கு உள்ள எடையை, பாருங்கள். 4 கிரெடிட் மேத்ஸில் இன்டர்னல் 33, பேப்பரில் 75 வரும் என்று நினைக்கிறீர்கள் என்றால் மொத்தம் 78. இன்னும் 5 மார்க் எழுதினால் 81, ஏ பிளஸ். 3 கிரெடிட் பாடம் ஒன்றில் இன்டர்னல் 30, பேப்பரில் 70 வரும் என்றால் மொத்தம் 72. அதை ஏ பிளஸ் ஆக்கப் பேப்பரில் 85 வேண்டும், 15 மார்க் கூடுதல். படிக்க ஒரு நாள்தான் மிச்சம் என்றால் நான் மேத்ஸ் புத்தகத்தைத்தான் எடுப்பேன். 81ஆனாலும் 90ஆனாலும் கிரேடு பாயின்ட் அதே 9தான், ஏற்கெனவே 84இல் நிற்கிற பாடத்தை மெருகேற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

லேப் பாடத்தில் பங்கு தலைகீழ், இன்டர்னல் 60, தேர்வு 40. அங்கே 40ஆல் வகுங்கள்.