ஊர்ப் புத்தகம் தொகுப்பது எப்படி: அயர்லாந்துக்காரர் செய்த வழி

யாழ்ப்பாணத்தில் ஊர் மலர்களுக்குக் குறைவில்லை. கும்பாபிஷேகம், பள்ளிக்கூட நூற்றாண்டு, சனசமூக நிலையத்தின் பொன்விழா என்று ஏதாவதொரு பெயரில் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் பலவற்றில் முன்பக்கங்கள் ஆசியுரைக்கும் வாழ்த்துரைக்கும் போய்விடும், மிச்சம் பெரியவர்களின் புகழுக்குப் போய்விடும். அந்த ஊரில் வேலி எப்படி அடைத்தார்கள், குடிதண்ணீர் எந்தக் கிணற்றில் அள்ளினார்கள், ஒடியலை எங்கே காயவிட்டார்கள் என்று தேடினால் ஒரு வரியும் இராது. இந்தக் குறையைத் தீர்க்க நினைப்பவர்கள் அயர்லாந்தைப் பார்க்க வேண்டும். நிலத்தையும் அன்றாட வாழ்வையும் பற்றி அங்கே இவ்வளவு புத்தகங்கள் வருவதற்கு, அடியில் ஒழுங்காகச் சேர்த்து வைத்த தகவல் இருப்பது ஒரு பெரிய காரணம்.

1935இல் அங்கே நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு ஒன்று அமைந்தது. 1937 முதல் 1939 வரை அது சுமார் 5,000 ஆரம்பப் பாடசாலைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு வேலை செய்தது. மேல்வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக் கிழவர் கிழவியரிடமும் அயலவரிடமும் கேட்டு எழுதினார்கள். நல்லவற்றை ஆசிரியர்கள் பெரிய கொப்பியில் பிரதி செய்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். கொடுக்கப்பட்ட தலைப்புகள் 55. வீரர், கோட்டை போன்றவை மட்டுமல்ல, வெண்ணெய் கடைதல், ரொட்டி, உருளைக்கிழங்குப் பயிர், கொல்லன் பட்டறை, புனிதக் கிணறு, மழைக்குறி, கால்களைப் பேணுதல் என்பனவும் அதில் இருந்தன. எந்த வயதில் முதல் சப்பாத்து, எந்த மாதத்திலிருந்து வெறுங்கால், கால் கழுவிய தண்ணீரை என்ன செய்வது என்றெல்லாம் பிள்ளைகள் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று அவற்றை டூகஸ் இணையத்தளத்தில் யாரும் இலவசமாக வாசிக்கலாம். தொடங்குமுன் ஒரு மாலைப்பொழுது அதில் உலாவிப் பாருங்கள். எவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்கலாம் என்ற துணிவு வரும்.

எல்லையும் படமும்

முழு வலிகாமத்தையும் எடுக்காதீர்கள். ஒரு கிராம சேவகர் பிரிவு போதும், அதற்குள் இரண்டு மூன்று குறிச்சி என்றால் இன்னும் நல்லது. ஆனால் எடுத்த எல்லைக்குள் ஒரு குறிச்சியையும் விடக்கூடாது. கோயிலைச் சுற்றியுள்ள வளவுகளில் மட்டும் கேட்டுவிட்டு அதை ஊர் என்று அச்சடிப்பது எங்கள் மலர்களின் பழைய பிழை. சீவல் தொழிலாளர், கடற்றொழிலாளர், தச்சர், கொல்லர், சலவைத் தொழிலாளர் வீடுகளில் இருக்கும் தொழிலறிவு வேறெங்கும் கிடைக்காது. அவரவர் தொழிலை அவரவர் வாயால் சொல்ல வேண்டும்.

அடுத்தது காணிப் பெயர்கள். இதில்தான் நாங்கள் அயர்லாந்துக்குச் சமமாக நிற்கலாம். அங்கே 60,000க்கும் மேற்பட்ட சிறு நிலப்பிரிவுகளுக்குப் பெயர் உண்டு. 1820களில் தொடங்கிய நில அளவையில் மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் நாடு முழுவதையும் வரைந்தார்கள். பெயர்களைச் சரிபார்க்க ஜோன் ஓ'டொனொவன் போன்ற அறிஞர்கள் ஊர் ஊராகப் போனார்கள். எங்களுக்கு அந்த வேலையில் பாதியைக் காணி உறுதிகள் செய்து வைத்திருக்கின்றன. காணி உறுதியில் பரப்பளவோடு பெயரும் எழுதியிருக்கும்: ஏதோவொரு கலட்டி, புலம், அடைப்பு, சீமா, வளவு.

இவற்றைக் குறிக்கக் கடையில் வாங்கும் 1:50,000 படம் உதவாது. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர், ஆகவே ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 16 மீற்றர் வரும். 1:50,000 படத்தில் அது ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு, பேனை முனையே அதை மூடிவிடும். 1:2,000 அளவில் வரையுங்கள். அப்போது பரப்பின் பக்கம் 8 மில்லிமீற்றர், ஒரு கிலோமீற்றர் நீளமான ஊர் 50 சென்ரிமீற்றர் தாளில் அடங்கும். ஒழுங்கை, கேணி, குளம், சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல், மடம், நின்ற மரம், இல்லாமல்போன மரம் எல்லாவற்றையும் பென்சிலால் குறித்துக்கொண்டு, வயதான ஒருவருடன் காலை வெயில் ஏறுமுன் நடந்து சரிபாருங்கள். உறுதியில் உள்ள பெயரும் வாயில் உள்ள பெயரும் வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். உரிமையாளர் பெயரையோ எல்லை அளவையோ புத்தகத்தில் போடவேண்டாம். வேலிச் சண்டை ஒன்றுக்கு உங்கள் படம் சாட்சியாகிவிடும், பிறகு எந்த வீட்டிலும் உறுதியைக் காட்டமாட்டார்கள். இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் போகமுடியாமல் இருந்த வலிகாமம் வடக்குக் காணிகளுக்கு இந்த வேலை இன்னும் அவசரம். அங்கே பல இடங்களில் அடையாளம் அழிந்துவிட்டது, பெயர் உறுதியிலும் நினைவிலும்தான் இருக்கிறது.

கேட்பது

"அந்தக் காலத்தில ஊர் எப்பிடி இருந்தது?" என்று கேட்டால் "அது நல்ல காலம் தம்பி, இப்ப எல்லாம் மாறிப் போச்சு" என்ற பதில்தான் வரும். பொருளைப் பிடித்துக் கேட்க வேண்டும். வேலியையே எடுப்போம். "ஆச்சி, உங்கட வேலிக்கு என்ன கதியால் போட்டனீங்கள்? கிளுவையோ, பூவரசோ, முள்முருக்கோ? எந்த மாதம் நட்டால் தழைக்கும்? வரிச்சுக்கு என்ன? கிடுகோ பனையோலையோ? கட்டுறதுக்கு நார் எங்கயிருந்து? எத்தனை பேர் நிண்டு அடைச்சவை? கூலியோ, சாப்பாடு மட்டுமோ? என்ன சாப்பாடு? கழட்டின பழைய ஓலை எங்க போனது?" கடைசிக் கேள்விக்குத் தோட்டத்தில் பசளையாகத் தாட்டது என்று பதில் வரும்போது வேலியிலிருந்து புகையிலைக்கும் மிளகாய்க்கும் கதை தானாக நகரும். அயர்லாந்தில் அடுப்பெரிக்கும் கரிமண் (peat) வெட்டுவதை எழுதியவர்களும் இப்படித்தான் எழுதினார்கள்: பக்கவாட்டில் இறக்கை வைத்த மண்வெட்டி, ஈரக் கட்டியைப் பரப்பிக் காயவிடுதல், ஐந்தாறு கட்டியை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துதல், பிறகு வீட்டோரம் போர் குவித்தல். படித்தவன் அதை வைத்துக்கொண்டு வெட்டப் போகலாம். உங்கள் பக்கத்தை வாசித்தவன் வேலி அடைக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

நாலைந்து பேரை ஒன்றாக இருத்திக் கேட்காதீர்கள். குரல் பெரியவர் சொல்வதற்கு மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தம்பதியர் என்றால் அடுக்களைக் கதையை மனைவியிடம் தனியே கேளுங்கள், இல்லாவிட்டால் அதற்கும் கணவரே பதில் சொல்வார். போனை விமானப் பயன்முறையில் (airplane mode) போட்டு, வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வைத்து, மின்விசிறியை நிறுத்துங்கள். விசிறிச் சத்தம் நேரில் தெரியாது, பதிவில் குரலைத் தின்றுவிடும். முதலில் திகதி, இடம், சொல்பவர் பெயர், பிறந்த ஆண்டு, யாரிடம் கேட்டறிந்தது என்று பதிவிலேயே சொல்லுங்கள். அச்சில் பெயர் வரலாமா என்றும் அப்போதே கேளுங்கள். போர்க்கால விஷயங்களை எழுதிக் காட்டி, இரண்டாம் முறையும் சம்மதம் வாங்குங்கள். எழுத்தாக்க நேரத்தைக் குறைத்து நினைக்காதீர்கள். ஒரு மணிநேரப் பதிவுக்கு ஐந்தாறு மணிநேரம் போகும். பேச்சைச் செந்தமிழாக்க வேண்டாம். "போட்டனாங்கள்" என்றால் அப்படியே எழுதுங்கள்.

பழைய படங்களில் பெரும்பகுதி ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிஸிலும் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அல்பத்தில் ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், பக்கத்தோடு ஸ்கான் செய்யுங்கள். 600 டிபிஐ போதும். பின்பக்க எழுத்தையும் எடுக்க வேண்டும், ஆளையும் ஆண்டையும் அதுதான் சொல்லும்.

அச்சகம்

பக்கங்கள் 16இன் மடங்காக வரட்டும். 160 பக்கம் என்றால் பத்துப் போம், கைக்கு அடக்கமான அளவு. அதில் வாழ்த்துரைக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். இதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிட்டால் பின்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள். இறுதியில் அகரவரிசைச் சொல்லடைவும் காணிப்பெயர்ப் பட்டியலும் கட்டாயம். அவை இல்லாத ஊர்ப் புத்தகத்தை ஆய்வுக்கு யாரும் எடுக்கமாட்டார்கள்.

நீங்கள் யுனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தாலும், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்யும் அச்சகம் அதைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைக்கும். அந்த மாற்றத்தில் எழுத்துகள் உடையலாம், நிறுத்தக்குறிகள் இடம் மாறலாம். ஆகவே கடைசி மெய்ப்பை மாற்றத்துக்குப் பிறகு பாருங்கள், முன்னர் பார்த்தது கணக்கில் இல்லை. பசைக்கட்டு எங்கள் வெக்கையில் சில வருடத்தில் வெடித்துத் தாள் கழரும். செலவு கூடினாலும் நூல் தைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் முன்னதாகவே விண்ணப்பித்துப் பெறவேண்டும், அட்டை அடித்த பிறகு ஓடித் திரிய வேண்டாம்.

பிரதிகளை விற்று முடிக்கும் முன் யாழ் பொது நூலகத்துக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் ஊர்ப் பாடசாலைக்கும் ஒதுக்கி, மின்பிரதியை, ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 1922 ஜூனில் டப்ளின் ஆவணக்காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு குடிசனக் கணக்குகளின் பெரும்பகுதி போனது. 1981இல் எங்களுக்கு என்ன போனது என்று சொல்லத் தேவையில்லை. ஒலிப்பதிவுகளும் எழுத்தாக்கமும் ஸ்கான்களும் இரண்டு வன்தட்டில் இருக்கட்டும், ஒன்று ஊரிலும் மற்றது வேறொரு நாட்டில் உள்ள ஊரவர் வீட்டிலும். வருடத்துக்கு ஒருமுறை செருகி, திறக்கிறதா என்று பாருங்கள். புத்தகத்தின் ஒரு பிரதியில் பக்கத்துக்குப் பக்கம் வெற்றுத்தாள் வைத்துக் கட்டி வாசிகசாலையில் வையுங்கள். வெளியீட்டுக்கு மறுநாளே "அந்தக் கேணி அதில இல்லை, இஞ்சால்" என்று திருத்த ஆட்கள் வருவார்கள். அவர்கள் சொல்வதைத் திகதியோடு அந்த வெற்றுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டாம் பதிப்புக்கு வேண்டும்.