திருகோணமலைக்குப் பீக் சீசன் எப்போது? வழக்கமாக விடும் பிழைகள்

டிசம்பர் பிறந்தால் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஒரே கேள்விதான் வரும்: "இப்ப பீக் சீசன் தானே, நிலாவெளியில ரூம் கிடைக்குமா?" ரூம் தாராளமாகக் கிடைக்கும். கடலில் இறங்கத்தான் முடியாது.

இலங்கையின் பீக் சீசன் டிசம்பர் முதல் மார்ச் வரை என்று பயண விளம்பரங்களில் போட்டிருப்பது பொய்யல்ல. ஆனால் அது ஹிக்கடுவை, பெந்தோட்டை, மிரிச போன்ற தெற்கு, மேற்குக் கரைகளின் கணக்கு. எங்கள் திருகோணமலைப் பக்கம் ஒக்டோபரில் மாரி தொடங்கும். நவம்பர், டிசம்பரில் கொட்டித் தீர்க்கும், ஜனவரியிலும் விட்டுவிட்டுப் பெய்யும். வாடைக் காற்றில் கடல் கலங்கி, வள்ளங்களை மணலில் மேலே இழுத்து வைத்திருப்பார்கள். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்ததும் எல்லாம் தலைகீழாகும். அந்தக் காற்று தன் மழையை மேற்கிலும் மலைநாட்டிலும் இறக்கிவிட்டு, எங்களிடம் வந்து சேரும்போது வெறும் கச்சான் காற்றாகத்தான் வரும். சுடச்சுட அடிக்கும், ஆனால் தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் உப்புவெளி, நிலாவெளிக் கரையில் அலை அடங்கிக் கிடக்கும். வேடிக்கை என்னவென்றால், இதே தென்மேற்குக் காற்றுதான் குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவந்து அங்கே சீசனைத் தொடக்கி வைக்கிறது. அங்கே மழை வந்தால் சீசன், இங்கே மழை ஒதுங்கினால் சீசன்.

திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மிரிசவில் அதற்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. திருகோணமலைக் கடலில் ஏறக்குறைய மார்ச் முதல் ஓகஸ்ட் வரை. மிரிசக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு டிசம்பரில் இங்கே வந்தால் படகே வெளிக்கிடாது.

அடுத்த பிழை, பீக் சீசனையும் ஹை சீசனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. பேச்சில் பரவாயில்லை, நாமும் அப்படித்தான் கதைக்கிறோம். ஹோட்டல் விலைப்பட்டியலில் இரண்டும் தனித்தனியாக இருந்தால் கவனம். ஹை சீசன் என்பது ஆட்கள் நன்றாக வரும் நீண்ட காலம், எங்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை. பீக் என்பது அதற்குள்ளே கூட்டமும் விலையும் உச்சிக்கு ஏறும் சில வாரங்கள், பெரும்பாலும் ஜூலைக் கடைசியும் ஓகஸ்ட் மாதமும். "ஹை சீசன் விலைதானே" என்று நம்பி ஓகஸ்டில் வந்திறங்கினால், பில்லில் "பீக் சீசன் சப்ளிமென்ட்", அதாவது மேலதிகக் கட்டணம், என்று இன்னொரு வரி நிற்கும். அது ரூமுக்கா, ஆளுக்கா, ஓர் இரவுக்கா, மொத்தத்துக்கா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். உதாரணத்துக்கு, ரூம் ஓர் இரவுக்கு 12,000 ரூபாய், சப்ளிமென்ட் 2,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு, இரவுக்கு என்றால் இரண்டு பேர் மூன்று இரவு தங்க 36,000 ரூபாய் 51,000 ஆகிவிடும். 2,500 என்று மட்டும் காதில் வாங்கியவருக்கு அங்கேதான் கோபம் வரும்.

விடுதி நடத்துகிற எங்கள் ஆட்களையும் சும்மா விட முடியாது. வட்ஸ்அப்பில் "சீசன் ரேட்" என்று ஒரு தொகையைப் போட்டுவிட்டு, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று எழுதாமல் விடுகிறார்கள். பிறகு வாசலில் வாக்குவாதம். இரண்டு திகதிகளைச் சேர்த்து எழுத ஒரு நிமிடம் போதும். திகதி போடாத விலையை நான் விலையாகவே எடுப்பதில்லை.

பீக் என்றாலே வெள்ளைக்காரர் கூட்டம் என்று நினைப்பதும் பழைய கணக்கு. ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை விடும் அதே ஜூலை, ஓகஸ்டில்தான் லண்டன், டொரொன்டோவிலிருந்து எங்கள் சனமும் வருகிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போனவர்கள் அப்படியே இரண்டு நாள் இங்கேயும் இறங்குவார்கள். "எங்கட ஊர் தானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று புக் பண்ணாமல் வந்துவிட்டு, இரவு பத்து மணிக்குச் சித்தப்பாவுக்குப் போன் எடுத்து இடம் கேட்கிறவர்கள் ஒவ்வொரு ஓகஸ்டிலும் உண்டு.

இதற்கு மேல் நாட்காட்டி ஒரு தனிக் கதை. இங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அது வெள்ளி, திங்களில் விழுந்தால் மூன்று நாள் லீவு சேர்ந்துவிடும், நிலாவெளி வீதி முழுக்க வான்கள். மாதம் சீசனுக்குள் இல்லாவிட்டாலும் அந்த மூன்று நாளும் பீக் விலைதான். ஏப்ரல் புத்தாண்டு லீவும் அப்படியே. அதோடு போயா தினத்தில் மதுபான விற்பனைக்கும் தடை. கொண்டாட்டத்துக்கென்றே வருகிறவர்கள் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் திகதி குறிப்பது நல்லது.

பீக் சீசன் என்றால் எல்லாமே சிறப்பாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இன்னொரு ஏமாற்றம். அது கூட்டத்தையும் விலையையும் பற்றிய பேச்சு, உங்கள் வசதியைப் பற்றியதல்ல. ஓகஸ்டில் நிலாவெளிக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் புறாமலைத் தீவுக்குப் போனால் பவளப்பாறை மீன்களை விடத் தலைகள்தான் அதிகம் தெரியும். அந்த மாதம்தான் வர முடியும் என்றால் காலையிலேயே முதல் படகில் போய்விடுங்கள். திகதி உங்கள் கையில் என்றால் மே கடைசியோ செப்டெம்பர் தொடக்கமோ என் தெரிவு. கடல் அதே கடல், வாடகையும் நெரிசலும் குறைவு.

கடைசியாக, ஓஃப் சீசன் என்றால் ஊரே பூட்டிக் கிடக்கும் என்ற எண்ணம். மாரியில் புறாமலைப் படகு அரிதுதான். ஆனால் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் மாரியிலும் ஆட்கள் போய்வந்துகொண்டுதான் இருப்பார்கள். பிரெட்ரிக் கோட்டை மான்கள் மழை விட்டதும் வழக்கம்போல வீதிக்கு வந்துவிடும். ரூம் விலையையும் பேசிக் குறைக்கலாம். அப்படிப் பேசும்போதே சமையலறை திறந்திருக்குமா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆட்கள் குறைந்த மாதங்களில் சின்ன விடுதிகள் சமையல்காரரை ஊருக்கு அனுப்பிவிடுவதுண்டு. பிறகு கொட்டும் மழையில் கொத்து ரொட்டிக்கு ஓட்டோ பிடித்து டவுனுக்குப் போக வேண்டிவரும்.