வெள்ளை மாடு வெள்ளையாகத் தெரிய: கொங்கு நாட்டு வெயிலில் எக்ஸ்போஷர் பழகும் முறை

கொங்கு நாட்டில் பொழுதுபோக்காகக் கேமராவைக் கையில் எடுப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த லென்ஸை வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு முன்பே பழகிக்கொள்ள வேண்டியது எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் விடும் ஒளியின் அளவு, என்பது என் உறுதியான கருத்து. நம் பகுதியில் படமெடுக்கத் தூண்டுபவை பெரும்பாலும் மிக வெளுத்தவையாகவோ மிக இருண்டவையாகவோ இருக்கின்றன. கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மேயும் காங்கயம் மாடு, குளத்து நீரில் அசையாமல் நிற்கும் கொக்கு, பவானித் தறிக்குழியின் அரை இருட்டில் அமர்ந்திருக்கும் நெசவாளர் ஆகிய மூன்றையுமே தானியங்கி முறையில் விட்டுவிட்டால், விலை உயர்ந்த கேமராவும் கணக்குத் தவறும்.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்குப் பொருளின் நிறம் தெரியாது; அதன்மேல் பட்டுத் திரும்பும் ஒளியின் அளவு மட்டுமே தெரியும். சட்டகத்துக்குள் இருப்பவை எல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பலாக இருக்கும் என்ற கணிப்பில்தான் அது இயங்குகிறது. இன்றைய கேமராக்கள் காட்சியைப் பல கட்டங்களாகப் பிரித்து ஓரளவு ஊகித்துத் திருத்திக்கொண்டாலும் அடிப்படை மாறவில்லை. ஆகவே சட்டகம் முழுவதும் வெள்ளை நிறைந்திருந்தால் படம் இருண்டுபோகும்; கருமை நிறைந்திருந்தால் வெளிறிப்போகும். இதைத் திருத்தத்தான் கூட்டல், கழித்தல் குறியிட்ட பொத்தான் கேமராவில் இருக்கிறது. கைபேசியில் திரையைத் தொட்டதும் தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தினால் அதே வேலை நடக்கும்.

காங்கயம் மாட்டைப் போல இந்தப் பாடத்தைச் சொல்லித்தரும் பொருள் வேறொன்றை நான் பார்த்ததில்லை. கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. பசு பெரும்பாலும் வெளுத்தே இருக்கும். பொலிகாளைக்கோ உடல் சாம்பலாகவும் தலை, கழுத்து, திமில், தொடைப்பகுதி ஆகியவை கருமை படர்ந்தும் இருக்கும். பசுவின் பக்கவாட்டு உருவம் சட்டகத்தை நிறைக்குமானால் முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும், கழித்தால் பாதியாகும்). தோலின் வெள்ளை அப்போதுதான் வெள்ளையாக வரும். காளையை எடுக்கும்போது கூட்டுவதில் கவனம் தேவை. காலை வெயில் நேராக விழும் முதுகு விளிம்பு வெளுத்து விவரமே இல்லாமல் போய்விட்டால், பிற்பாடு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. திமிலின் கருமையில் ஒளிந்திருக்கும் விவரங்களையோ, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால், பெரிதும் மேலே கொண்டுவந்துவிடலாம். எனவே முதுகு விளிம்பை அளவாக வைத்து எக்ஸ்போஷரை முடிவு செய்து, கருமையைப் பிறகு பார்த்துக்கொள்வதே பாதுகாப்பானது. படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தில் கோடு சுவரை முட்டிக்கொண்டு ஏறுகிறதா என்பதை ஒவ்வொரு புதிய ஒளியிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நேரத்தைத் தேர்வதும் எக்ஸ்போஷரின் ஒரு பகுதிதான். கோவை ஏறக்குறைய 11 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அந்த வெயிலில் மாட்டின் முதுகு கண்ணைக் கூசும். கண்களோ புருவ எலும்பின் நிழலில் மறைந்துவிடும். காங்கயம் மாட்டின் கண்ணைச் சுற்றியுள்ள கரிய வளையம் தெரியாத படம், எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், மாட்டுக்காரருக்குப் பிடிப்பதில்லை. வெயில் ஏறிய பின் எடுத்தே ஆக வேண்டுமென்றால், மாடுகள் வெள்வேல மரத்தடிக்கு ஒதுங்கும் வரை பொறுத்திருங்கள். வெள்வேலம் மெல்லிய இலை கொண்டது என்பதால் அதன் நிழலில் பொட்டுப் பொட்டாக வெயில் விழும். மரத்தின் ஓரத்தில் அல்லாமல் நிழல் அடர்ந்த நடுப்பகுதியில் மாடு வந்து நிற்கும்போது எடுப்பதே நல்லது.

கொரங்காடு என்பது கிளுவை வேலி சூழ்ந்த தனியார் மேய்ச்சல் நிலம். படலைத் திறந்து உள்ளே போவதற்கு முன் உரியவரிடம் கேட்க வேண்டும். "அய்யா, ஒரு படம் எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டால் மறுப்பவர்கள் மிகக் குறைவு. கேட்பதில் இன்னொரு பயனும் உண்டு. "ஏனுங்க, மாட்டுக்கு நேரா நிக்காதீங்க, மெரளும், இப்புடி ஓரமா வந்து நில்லுங்க" என்று ஒரு பெரியவர் எனக்குக் காட்டிய இடம், மாட்டின் முழு உருவமும் கொம்பின் வளைவும் ஒருசேரத் தெரியும் மிகச் சிறந்த கோணமாக அமைந்தது.

குளத்துப் பறவைகளுக்கு வரும்போது கணக்கு தலைகீழாகிவிடுகிறது. வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022-இலும், திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2024-இலும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. கோவையில் சிங்காநல்லூர்க் குளமும் சூலூர்க் குளமும் எளிதில் சென்று பழகத்தக்கவை. அங்கே கொக்கு வெள்ளையாக இருந்தாலும் சட்டகத்தில் சிறிதாகத்தான் இருக்கும். சுற்றிலும் இருண்ட நீரும் சம்பங்கோரையும் நிறைந்திருக்கும். ஒளிமானி அந்த இருட்டைப் பார்த்துப் படத்தை வெளுக்க வைப்பதால், கொக்கின் இறகுகள் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். இங்கே அரை முதல் ஒரு ஸ்டாப் வரை கழிக்க வேண்டும். மாட்டுக்குக் கூட்டியதையும் கொக்குக்குக் கழிப்பதையும் இணைத்துப் பார்த்தால், தீர்மானிப்பது பொருளின் நிறம் மட்டுமல்ல, சட்டகத்தில் அது பிடிக்கும் இடமும்தான் என்பது விளங்கிவிடும்.

காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே வரும் நேரம், 1/1600 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். வானில் மேகமில்லாத நாளில் அந்தக் காலத்துப் பிலிம் கேமராக்காரர்களின் கணக்கு இன்றும் உதவும்: நல்ல வெயிலில் லென்ஸின் துளையை எஃப்/16-இல் வைத்தால் (எண் சிறிதானால் துளை பெரிது), சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணையே ஷட்டர் வேகமாகக் கொள்ளலாம், ஐஎஸ்ஓ 200 என்றால் 1/200 நொடி. எஃப்/8-க்குத் துளையைத் திறந்தால் அதுவே 1/800 ஆகிறது. வெள்ளைப் பறவைக்கு இதிலிருந்து ஒரு ஸ்டாப் குறைத்துக்கொண்டு கேமரா தானாக எதையும் மாற்றாத மேனுவல் முறையிலேயே விட்டுவிட்டால், பறவை வானத்தின் முன் பறந்தாலும் கரையின் முன் பறந்தாலும் எக்ஸ்போஷர் மாறாது. கூட்டுக்கு அருகே செல்வதும், பறக்க வைப்பதற்காகக் கல்லெறிவதும் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவதான தறிக்கூடம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பவானி ஜமுக்காளம் குழித்தறியில் நெய்யப்படுவது. நெசவாளரின் கால்கள் குழிக்குள் மிதியின்மேல் இருக்க, கண்மட்டம் தரையிலிருந்து அதிக உயரத்தில் இருக்காது. நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் வரும், தரையில் அமர்ந்துவிடுங்கள். ஒரு பக்கச் சன்னலின் வெளிச்சம் பாவின்மேல் (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்) சரிந்து விழும் இடத்தில், ஒரு சிறு புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கை நெசவாளரின் கையில் வைத்து அளந்தால், அறையின் இருட்டு இருட்டாகவே இருக்கக் கை தெளிவாக நிற்கும். விலை குறைந்த 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் ஒன்று இதற்குப் போதும். ஃபிளாஷ் அந்த அறையின் இயல்பையே கெடுத்துவிடும். நாடா ஓடும்போது கை வேகமாக இருக்கும், ஆனால் நூலை நெருக்கும் தறியின் அச்சை இழுத்து அடித்து நிறுத்தும் கணத்தில் இயக்கம் சற்றே அடங்கும். தாளத்தைச் சில நிமிடம் கவனித்துவிட்டு அந்தக் கணத்தில் அழுத்தினால் 1/125 நொடியே போதுமானது. ஜமுக்காளத்தின் அழுத்தமான சிவப்புக்குத் தனி எச்சரிக்கை தேவை: பொது ஹிஸ்டோகிராம் சரியாக இருந்தாலும் சிவப்பு மட்டும் உச்சத்தை முட்டி, நூலின் இழைகளே தெரியாத மொழுமொழுப்பான பட்டையாகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்புக் கோட்டைப் பாருங்கள்.

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் பிரச்சினை வேறு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஆகவே பழைய ட்யூப் லைட்டின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. அதைவிட வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழலாம். 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் அது தீர்ந்துவிடும். தறிகள் ஓடும்போது தரையே அதிர்வதால் அங்கே ட்ரைபாட் பெரிதாக உதவாது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாயை மேற்கே வைத்திருக்கும் நமக்கு வெறும் பழமொழி அல்ல. அந்த மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரைகளையும் மாடுகளையும் எடுக்கப் போகிறவர்கள், ஒரே லென்ஸுடன் போவது நலம். புழுதிக்கு நடுவே லென்ஸை மாற்றினால் சென்சாரில் தூசி படியும்.

வீட்டுக்கு வந்தபின் கணினித் திரையின் வெளிச்சத்தைப் பாதியளவுக்குக் குறைத்துவிட்டுத் திருத்துங்கள். முழு வெளிச்சத்தில் திருத்திய படம் அச்சில் இருண்டு வருவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். மாட்டுக்காரருக்கும் நெசவாளருக்கும் ஒரு பிரதி கொடுப்பது நம் கடமை என்று நான் கருதுகிறேன். பெரிய அளவில் அச்சிடுவதற்கு முன் நான்குக்கு ஆறு அங்குலத்தில் ஒன்றை எடுத்து, பகல் வெளிச்சத்தில் பிடித்து, முதுகின் வெள்ளையில் ரோமம் தெரிகிறதா, திமிலின் கருமையில் மடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று தெரியாவிட்டாலும் கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி ஒரு சிறிய பிரதி எடுங்கள்.