மதிப்பெண்ணோடு ஒரு நோட்டும் வேண்டும்

எம்.டெக்., எம்.எஸ்சி. நேர்காணலில் மதிப்பெண் பட்டியலைப் பார்த்த கையோடு, "நீங்களாகச் செய்து பார்த்தது என்ன?" என்று கேட்டால் நம் பிள்ளைகள் பலர் திணறிப்போகிறார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள், பாவம்.

கொங்குப் பக்கம் ஆய்வுக்கூடம் வாசலிலேயே இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் தெரிந்தவர் யாராவது இருப்பார். அனுமதி கேட்டு, துணியில் 100 சதுர செ.மீ. வட்டம் வெட்டி எடை போடுங்கள். 1.8 கிராம் வந்தால் 100-ஆல் பெருக்கி 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 180 கிராம். ஒரு மாதம் தினமும் ஒரு நோட்டில் குறியுங்கள். எந்த ரோலில் அளவு மாறியது, ஏன் என்று நிட்டிங் மெஷின் ஓட்டும் அண்ணனிடமே கேட்டு எழுதுங்கள். பிசகிய அளவுகளை அழிக்கவே வேண்டாம். நேர்காணலில் பேச விஷயமே அதுதான். ஜவுளி, புள்ளியியல் இரண்டுக்கும் இது பொருந்தும். வேளாண்மை என்றால் தோட்டத்துக் கிணற்றின் நீர்மட்டத்தை இதேபோல் குறியுங்கள்.

அப்புறம், எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வை பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். அந்த மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். பாடத்தில் ஓட்டை இருந்தால் ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்பிடெல் (NPTEL) இணைய வகுப்புகள் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம்.