சினை நாய்க்கு வீட்டிலேயே பிரசவம்: முதன்முறை பார்ப்பவர்களுக்கு

நாய் தன் குட்டியைத் தானே போட்டுக்கொள்ளும். பெரும்பாலான ஈத்துகளில் நமக்கு வேலையே இருக்காது. காலண்டர், தெர்மாமீட்டர், கடிகாரம் மூன்றையும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்த நேரத்தில் வண்டியை எடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். அவற்றின் குட்டிகளுக்குத் தலை பெரிது, தாய்க்கு இடுப்பு குறுகல். சிசேரியனுக்கு முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வைத்துவிடுங்கள்.

படி 1: கிராஸ் விடுவதற்கு முன்

முதல் ஹீட்டில் (ரத்தம் கசிந்து ஆணை ஏற்கும் பருவம்) சேர்க்காதீர்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் முதல் ஹீட் வந்துவிடும்; உடம்பு அதற்குள் முழுதாக வளர்ந்திருக்காது. நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017 மத்திய அரசு விதிகளும் பெட்டைக்குப் பதினெட்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்கின்றன. இரண்டு வயது வரை பொறுத்தால் இன்னும் நல்லது.

ஆண், பெண் இரண்டுக்கும் புருசெல்லா ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சினை கலைவதற்கு முக்கியமான காரணம் இந்தக் கிருமி, மனிதருக்கும் தொற்றும். தடுப்பூசி பாக்கியிருந்தால் இப்போதே போட்டு முடியுங்கள். தாயின் சீம்பால் வழியாகத்தான் அந்த எதிர்ப்புச் சக்தி குட்டிகளுக்குப் போகும். உண்ணியையும் இப்போதே ஒழித்துவிடுங்கள். சினையான பிறகு உண்ணிக் காய்ச்சல் வந்தால், வழக்கமாகக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் குட்டிகளின் எலும்பையும் பல்லையும் பாதிக்கும் என்பதால் டாக்டருக்கே கை கட்டிப்போன மாதிரி ஆகிவிடும்.

ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் காதையும் பாருங்கள். தோலுக்கு நிறம் தரும் அதே வகைச் செல்கள் உள்காதுக்குள்ளும் இருக்க வேண்டும். முழு வெள்ளை நாய்களில் அவை இல்லாமல் போகும்போது குட்டி செவிடாகிறது. செவிட்டு நாயை, எவ்வளவு அழகாக இருந்தாலும், இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது. அண்ணன் தங்கையைச் சேர்ப்பதும் வேண்டாம். "லைன் சுத்தமா இருக்கும்" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு, சுத்தமாவது நோய்தான்.

படி 2: நாளைக் குறிப்பது

ரத்தம் தெரிந்த முதல் நாளை எழுதி வையுங்கள். பத்தாம் நாளை ஒட்டி ரத்தம் வெளிறும். வாலை ஒதுக்கிக் காட்ட ஆரம்பித்தால் ஆணை ஏற்கத் தயார். சேர்ந்த பிறகு இரண்டும் பின்புறம் ஒட்டி மாட்டிக்கொண்டு நிற்கும்; ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை கூட ஆகலாம். ஆணின் குறியின் அடிப்பகுதி உள்ளே வீங்கிக்கொள்வதால் இப்படி. தண்ணீர் ஊற்றுவது, குச்சியால் அடிப்பது, பிடித்து இழுப்பது எதுவும் கூடாது. இரண்டுக்கும் காயமாகும்.

சேர்த்துவிட்டோம் என்று கதவைத் திறந்து விட்டுவிடாதீர்கள். ஹீட் முடியும் வரை தெருநாய் வந்தாலும் ஏற்கும், ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன் குட்டிகள் பிறப்பது சாதாரணம்.

சினைக்காலம் சுமார் 63 நாள். ஜனவரி 10 அன்று சேர்ந்தால் மார்ச் 14 என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் 57 முதல் 72 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். விந்தணு தாயின் உள்ளே ஐந்தாறு நாள் உயிரோடு இருக்கும். கருமுட்டையோ வெளிவந்து இரண்டு நாள் கழித்துத்தான் முதிரும். அதனால் சேர்ந்த நாளும் கரு உண்டான நாளும் ஒன்றல்ல.

25 நாளுக்கு மேல் ஸ்கேன் எடுத்தால் குட்டிகளின் இதயத் துடிப்பு தெரியும். எத்தனை குட்டி என்று எண்ண 55 நாளுக்கு மேல் ஒரு எக்ஸ்ரே. இந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். "எல்லாம் போட்டு முடிச்சிட்டாளா, உள்ளே இன்னும் இருக்கா?" என்று நடுராத்திரி குழம்பும்போது அந்த எண்ணிக்கைதான் கைகொடுக்கும். மடி பெருத்து பால் கட்டியிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது. நாய்க்குச் சினையானாலும் ஆகாவிட்டாலும் ஹீட்டுக்குப் பிறகு இரண்டு மாதம் ஒரே ஹார்மோன்தான் ஓடும். பொய்ச் சினையில் பால் சுரப்பதும், செருப்பைக் குட்டியாக நினைத்து அணைத்துப் படுப்பதும் நடக்கும்.

படி 3: சாப்பாடு

முதல் ஐந்து வாரம் வழக்கமான சாப்பாடே போதும். கடைசி மூன்று நான்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சிறு சிறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வயிறு முழுக்கக் குட்டி, இரைப்பைக்கு இடமில்லை. முட்டை, கோழி, குட்டிகளுக்கான பெட் ஃபுட் எல்லாம் நல்லது.

கால்சியம் டானிக் மட்டும் வேண்டாம். ஊரே கொடுக்கச் சொல்லும். சினைக் காலத்தில் வெளியிலிருந்து கால்சியம் ஏற்றினால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொடுக்கும் சுரப்பி வேலையைக் குறைத்துவிடும். குட்டி போட்ட பிறகு பாலுக்குத் திடீரென்று தேவைப்படும்போது எடுத்துத் தர ஆளிருக்காது.

படி 4: பிரசவப் பெட்டி

சிப்பிப்பாறை அளவு நாய்க்கு நாலடிக்கு நாலடி, ஓரம் ஒரு அடி உயரம். உள்சுவரை ஒட்டி, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் சுற்றிலும் ஒரு கட்டை அடித்துவிடுங்கள். தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டி சுவரோரம் நசுங்காமல் அந்த இடைவெளியில் தப்பிக்கும். பழைய வேட்டி, பருத்திப் புடவை விரிக்கலாம். ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கினால் வெட்டிவிடுங்கள், குட்டியின் காலில் சுற்றி இறுக்கிவிடும். எறும்பு வரும் இடமாக இருந்தால் பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். சாக்பீஸ் மருந்து, பவுடர் எதுவும் பெட்டிப் பக்கம் வரக்கூடாது. பத்து நாள் முன்பிருந்தே தாயை அங்கே படுக்கப் பழக்குங்கள்.

படி 5: தெர்மாமீட்டர்

58ஆம் நாளிலிருந்து காலை, மாலை இரு வேளை ஆசனவாயில் வெப்பம் பாருங்கள். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர், நுனியில் கொஞ்சம் வாசலின். வழக்கமாக 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட் காட்டும். அது 99க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பிரசவம். சினையைத் தாங்கி நின்ற ஹார்மோன் விழுவதுதான் காரணம். இறங்கிய வெப்பம் மறுபடி ஏறி, ஒரு நாள் கடந்தும் வலி வரவில்லையென்றால் டாக்டரிடம் போங்கள். சில நாய்களில் இந்தச் சரிவு நம் கண்ணில் படாமலே போய்விடும், ஆகவே நாள் கணக்கையும் விடாதீர்கள்.

படி 6: பிரசவம்

முதலில் மூச்சிரைக்கும், நடுங்கும், துணியைப் பிறாண்டும், சாப்பாட்டை ஒதுக்கும். இது ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கூட நீளும். வீட்டில் எல்லோரும் கூடி நின்று வேடிக்கை பார்த்தால் நாய் வலியை அடக்கிக்கொள்ளும். ஒருவர் போதும்.

பிறகு முக்க ஆரம்பிக்கும். குட்டி பளபளப்பான பைக்குள் வழுக்கி வெளியே வரும். தாய் பையைக் கிழித்து, கொடியைக் கடித்து, மூஞ்சியை நக்கிக்கொண்டே இருக்கும், குட்டி ஒரு முறை வாய் பிளந்து கத்தும் வரை. பின்னங்கால் முதலில் வந்தாலும் பயம் வேண்டாம், நாய்க்கு அது சகஜம்.

ஒரு நிமிடம் ஆகியும் தாய் பையைக் கிழிக்காவிட்டால் நீங்கள் கிழியுங்கள். மூக்கையும் வாயையும் துடைத்து, தலை கொஞ்சம் தாழ இருக்கும்படி பிடித்து, துண்டால் முதுகை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். குட்டியைத் தூக்கி வீசி ஆட்டுவது பழைய வழக்கம், மூளையில் ரத்தம் கசியும். கொடியை வயிற்றிலிருந்து ஒரு அங்குலம் விட்டு நூலால் கட்டி, கட்டுக்கு வெளியே வெட்டி, பெட்டாடைன் தொடுங்கள். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி, எண்ணிக்கொண்டே வாருங்கள்.

இரவில் வரும் போன்களில் முக்கால்வாசி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "அண்ணே, பச்சையா ஏதோ வருது." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, முதல் குட்டி வந்துடுச்சா?" வந்திருந்தால் பச்சை நிறம் இயல்பு, நஞ்சுக்கொடியின் நிறம் அது. ஒரு குட்டிகூட வராமல் பச்சை தெரிந்தால் உள்ளே நஞ்சு பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சு கிடைக்கவில்லை என்று அர்த்தம். உடனே கிளம்ப வேண்டும்.

அதே மாதிரி கிளம்ப வேண்டிய இன்னும் சில நேரங்கள்: அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராதபோது, உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரம் இடைவெளி விழும்போது, குட்டி பாதி வந்து நிற்கும்போது, தாய் துவண்டு விழும்போது. மெடிக்கலில் ஆக்ஸிடோசின் (வலியைத் தூண்டும் ஊசி) வாங்கி நீங்களே போடாதீர்கள். குட்டி குறுக்கே மாட்டியிருந்தால் கர்ப்பப்பை கிழிந்துவிடும். ராத்திரியில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று 55ஆம் நாளிலேயே விசாரித்து எண்ணைப் பதிந்து வையுங்கள்.

படி 7: முதல் மூன்று வாரம்

எல்லாக் குட்டியும் முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினால் குடல் அந்த எதிர்ப்புச் சக்தியை உள்ளே விடாது.

பிறந்த குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது. குளிர்ந்தால் அப்படியே சில்லிட்டுப் போகும். முதல் வாரம் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மூலைக்கு மட்டும் பல்பு தொங்கவிடுங்கள், சூடு அதிகமானால் நகர்ந்துபோக மறுமூலை வேண்டும். சித்திரை வெயிலில் பல்பே வேண்டாம். சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள், செரிக்காது. முதலில் உடம்போடு அணைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள்.

சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதுங்கள். முதல் நாள் லேசாகக் குறையலாம். பிறகு தினமும் ஏறி, ஏழு முதல் பத்து நாளில் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். நோஞ்சான் ஆகப்போகும் குட்டியை நம் கண்ணைவிட ஒரு நாள் முன்னதாகத் தராசு காட்டிக்கொடுக்கும்.

தாய்க்கு இரண்டு மூன்று வாரம் கறுப்பும் சிவப்புமாகக் கசியும், பரவாயில்லை. நாற்றமடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ கர்ப்பப்பையில் சீழ். பால் அதிகமாகச் சுரக்கும் இரண்டு முதல் நாலாவது வாரத்தில் தாய் கால் விறைத்து நடந்தால், தசை துடித்தால், ஓயாமல் இரைத்தால், அது கால்சியம் இறங்கியதன் அறிகுறி. குட்டிகளைப் பிரித்துவிட்டு அந்த நிமிடமே டாக்டரிடம் ஓடுங்கள், நரம்பில் கால்சியம் ஏற்ற வேண்டியிருக்கும்.

படி 8: கண் திறந்த பிறகு

பத்து முதல் பதினாலு நாளில் கண் திறக்கும். இரண்டாம் வாரத்திலேயே முதல் பூச்சி மருந்து, பிறகு 4, 6, 8ஆம் வாரங்களில். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குப் போய்விடுவதால் இவ்வளவு சீக்கிரம்.

நாலாவது வாரத்தில் தாய் தின்றதைக் குட்டிகள் முன்னால் கக்கும், அவை அதைத் தின்னும். நோய் என்று பதறாதீர்கள். முதுமலைச் செந்நாய்களும் வேட்டையிலிருந்து திரும்பி இப்படித்தான் குட்டிகளுக்குக் கறி ஊட்டுகின்றன. அங்கே தாய் மட்டுமல்ல, கூட்டத்தில் மற்றவையும் ஊட்டும். தாய் கக்க ஆரம்பித்தால் திட உணவு தொடங்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து, ஆறு வாரத்தில் காதைச் சோதியுங்கள். குட்டி தனியாகத் தூங்கும்போது, அதன் கண்ணுக்கும் காற்று படும் தூரத்துக்கும் அப்பால் நின்று, எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு. காதாவது அசைய வேண்டும். மற்றக் குட்டிகளோடு இருக்கும்போது சோதித்தால் அவை எழுவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் எழுந்துகொள்ளும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி தொடங்கி, பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை; மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்பதற்கு அந்த 2017 விதிகளில் இடமில்லை. அட்டையில் எந்த ஊசி, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக் கூடவே கொடுத்தனுப்புங்கள். தாய்க்கு இனி ஈத்து வேண்டாம் என்றால், பால் வற்றி மடி சுருங்கிய பிறகு, அடுத்த ஹீட்டுக்கு முன் கருத்தடை ஆபரேஷனுக்கு நாள் கேளுங்கள்.